மூலக்கூறு சுழற்றும் முனைவர்

மனிதர்களில் சுழற்றிகள் என்று ஒரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மதியச் சாப்பாடு உண்டு என்று நம்பி ஏதாவது ஒரு கருத்தரங்குக்குப் போயிருப்பீர்கள். முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்து, பையைக் காலடியில் வைத்து, கைப்பேசியின் வாயை அடைத்து முடிப்பதற்குள் விளக்குகள் அணையும், சன்னல் சீலை இழுபடும், குளிர்சாதனம் இன்னும் கொஞ்சம் குளிரும், எதிரே திரையில் முறுக்கும் சுருளும் நாடாவும் பின்னிக் கிடக்கும் ஒரு வண்ணப் பந்து தோன்றும். பிறகு அது சுழலும். இருட்டுக்குள் இருந்து ஒரு குரல், "இந்தப் பக்கம் பாருங்க" என்னும். பார்ப்பீர்கள். "இப்ப அந்தப் பக்கம் பாருங்க" என்னும். அதையும் பார்ப்பீர்கள். விளக்கு எரியும்போது கைதட்டுவீர்கள். என்ன தெரிந்துகொண்டீர்கள்? அழகாக இருந்தது என்று தெரிந்துகொண்டீர்கள். அவ்வளவுதான்.

அவசரப்பட்டு என்மேல் பாய வேண்டாம். மூலக்கூறுகளின் வடிவத்தைக் கணினியில் படமாக்கிக் காட்டும் மென்பொருளை எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கண்ணுக்கே எட்டாத ஒன்றை, இதோ இப்படித்தான் இருக்கிறது, இங்கேதான் குழி, இங்கேதான் மருந்து போய் உட்காரும் என்று காட்டுகிறவர்களால்தான் பாதி மருந்துகள் பிறக்கின்றன. அவர்களைக் கும்பிடலாம். நான் சொல்வது காட்டுவதோடு நின்றுவிட்டவரை. காட்டிக் காட்டியே பதவி வாங்கி, காட்டியது சரிதானா என்று மட்டும் ஒருநாளும் திரும்பிப் பார்க்காதவரை.

அவரை எப்படி அடையாளம் காண்பது? சுலபம். வைத்தது வைத்தபடி இருக்க விடமாட்டார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஜபருல்லாவின் நாசி கண்டார் கடையில் ஒரு மதிய வேளை போய் நில்லுங்கள். தட்டு நிறையச் சோறு, மேலே நாலு குழம்பும் கலந்து ஊற்றி, கோழிக்கால், அவித்த முட்டை, வெண்டைக்காய் எல்லாம் ஏறியதும், மற்றவர்கள் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார்கள். நம்மவர் தட்டைச் சுழற்றுவார். கோழிக்கால் முன்னால் வர வேண்டும், முட்டை இடது மூலையில் மின்ன வேண்டும், வெண்டைக்காய் பின்னணியில் பச்சையாகத் தெரிய வேண்டும். பிறகு படம் எடுப்பார். அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் சுழற்றுவார்.

"டாக்டர், சோறு ஆறிப் போவுது லா," என்பார் ஜபருல்லா. "எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கறிதான்."

இந்த இனத்தில் பினாங்கில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மாதிரி இவர்தான். முனைவர் யுகேந்திரன். தீவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர். 'இணை' என்ற அந்த இரண்டெழுத்து அவருக்குச் செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி. அதை எடுத்துவிட்டு வெறும் பேராசிரியர் ஆகிவிட வேண்டும் என்பதுதான் பல வருஷமாக அவருடைய ஆராய்ச்சி.

அவருடைய மென்பொருளின் பெயர் மயில். மயிலின் வரலாறுதான் அவர் வரலாறு. முதல் பதிப்பை அவர் இங்கிலாந்தில் மாணவராக இருந்தபோது, குளிரில் வெளியே போகப் பிடிக்காமல் அறைக்குள்ளேயே உட்கார்ந்து எழுதினார். அந்த யுகேந்திரன் கெட்டிக்காரர், அதை மறுக்கவே முடியாது. அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே உள்ள தூரத்தை அவ்வளவு துல்லியமாக அளந்து காட்டிய மென்பொருள் அன்றைக்கு அதிகம் இல்லை. இரண்டாம் பதிப்பு இன்னும் வேகமாக ஓடியது. மூன்றாம் பதிப்பு இன்னும் பெரிய புரதங்களைத் தாங்கியது. நான்காம் பதிப்பில் அணுக்களுக்கு நிழல் விழுந்தது. ஐந்தாம் பதிப்பில் பளபளப்பு. ஆறாம் பதிப்பில் மூலக்கூறு சுழலும்போது பின்னால் மெல்லியதாக வீணை ஒலிக்கும். கவனித்தீர்களா? மூன்றாம் பதிப்போடு கேள்விகள் தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் வண்ணப்பூச்சு.

மயிலைத் திறந்தால் நேரே வேலைக்குப் போய்விட முடியாது. முதலில் முகப்பு வரும். இருட்டிலிருந்து ஒரு மயில் எழுந்து, நிதானமாகத் தோகை விரித்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். தோகையின் நடுவில் யுகேந்திரனின் புகைப்படம் மலரும், தலைமுடி இருந்த காலத்துப் புகைப்படம். அதற்குக் கீழே பொன்னெழுத்தில் ஒரு வரி: 'எண்ணம், எழுத்து, நிறம், பிழைதிருத்தம்: முனைவர் யுகேந்திரன் மட்டுமே.' இதைத் தாண்டிப் போக எந்தப் பொத்தானும் கிடையாது. ஆத்திர அவசரத்துக்கு மயிலைத் திறந்தவர்கள்கூட, கழிப்பறை வாசலில் நிற்பவர்கள் மாதிரி கால் மாற்றிக் கால் மாற்றி, இதைப் பார்த்து முடித்துத்தான் உள்ளே போக வேண்டும். வருஷக்கணக்காகப் பல மாணவர்கள் அதில் ராப்பகலாக உழைத்திருக்கிறார்கள். பெயர் போடக் கேட்டால் அவர் கோபிக்க மாட்டார். அன்பாகத்தான் சொல்வார்: "பேர் போட எங்க மா இடம் இருக்கு? தோகை மறைச்சிடுதே."

அவருடைய ஆய்வுக்கூடத்தில் சட்டங்கள் இரண்டு. வேறு மென்பொருளைத் தொடக் கூடாது. வீட்டில் சமைத்து வைத்திருக்கும்போது கடையில் சாப்பிடுவதா என்பார், ஜபருல்லா கடையில் உட்கார்ந்துகொண்டே. இரண்டாவது, ஆராய்ச்சி யாருடையதாக இருந்தாலும் கடைசிப் படத்தை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். "படம் இல்லாம பேப்பர் ஏது?" என்பார். இப்படிப் படம் கொடுத்துக் கொடுத்தே, பிறர் எழுதிய கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் நடுவே நடுவே அவர் பெயரும் முளைத்துவிட்டது.

இனி ஒரு கண்காட்சிக் கதைக்கு வருவோம். சில வருஷத்துக்கு முன்னால் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு ஓட்டலில் அறிவியல் கண்காட்சி. திறந்து வைக்க ஒரு பெரிய மனிதர் வந்தார். படம் எடுப்பவர்கள் அவரைத் திரையின் இடது பக்கம் நிறுத்திவிட்டார்கள். யுகேந்திரனின் புரதமோ வலது பக்கம் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. மருந்து போய் உட்காரும் குழியைத்தான் அவர் எப்போதும் வாய் என்பார். பெரிய மனிதருக்கு முதுகைக் காட்டும் புரதமா? சுழற்றி இடது பக்கம் திருப்பலாம். திருப்பினால் அவர் மூன்று நாள் உட்கார்ந்து பூசிய சிவப்பு நாடா பின்னால் போய் மறைந்துவிடும். என்ன செய்தார் தெரியுமா? மயிலின் உள்ளே புகுந்து, ஆழத்தைக் குறிக்கும் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறியைத் தட்டினார். எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலப் பக்கம் மாறியது. அதன் பிறகு அரைச் சுற்றாக ஒரு திருப்பு. வாய் பெரிய மனிதரைப் பார்த்தது, சிவப்பு நாடாவும் முன்னாலேயே நின்றது. படம் பத்திரிகையில் வந்தது. அந்தப் படத்துக்காக மட்டும் தட்டிய குறி. அப்படியே சேமித்தார், அப்படியே மறந்தார், அப்படியே அது ஆறாம் பதிப்பாக வெளியே போய்விட்டது.

இதில் என்ன கெட்டுப்போனது என்று கேட்பீர்கள். நம் உடம்பிலும் கிருமிகளின் உடம்பிலும் உள்ள புரதச் சுருள்கள் வலக்கை முறுக்காகத்தான் இருக்கும். வலது கைக் கட்டைவிரலை மேலே நிமிர்த்தி மற்ற விரல்களை மடக்கிப் பாருங்கள். விரல்கள் எந்தப் பக்கம் மடங்குகின்றனவோ அந்தப் பக்கமாகவே சுருள் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். எப்படிப் புரட்டினாலும், தலைகீழாக நிறுத்தினாலும் அது மாறாது. கண்ணாடியில் மட்டும்தான் இடக்கை முறுக்காகத் தெரியும். அன்றிலிருந்து மயில் காட்டியது முழுக்கக் கண்ணாடி உலகம். திரையில் தெரிந்த படம் மட்டுமல்ல, அதிலிருந்து எடுத்துக் கொடுத்த அளவுகளும் அப்படித்தான். சுவரொட்டி, துண்டுப் பிரசுரம், துறை வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டிய படம் எல்லாமே இடக்கை. யாராவது கண்டுபிடித்தார்களா? எங்கே! எல்லோரும் நிறத்தை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குப் பலியானவள் சிந்துஜா. அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஆய்வு அதிகாரி. டெங்கிக் கிருமியின் ஒரு புரதத்தில் உள்ள குழிக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும்படி ஒரு சின்ன மூலக்கூறு செய்ய வேண்டும். செய்துவிட்டால் கிருமியின் பிழைப்பில் மண். மயில் கொடுத்த படத்தையும் அளவையும் பார்த்து அவள் மூலக்கூற்றை வடிவமைத்தாள், வேதியியல்காரர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். உண்மையான புரதத்தோடு சேர்த்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. மறுபடி செய்து வாங்கினாள். ஒட்டவே இல்லை. எப்படி ஒட்டும்? வலது காலுக்கு இடது கால் செருப்பு.

"கை சுத்தம் பத்தல மா," என்றார் யுகேந்திரன். அடுத்த தடவை, "சில பேருக்குக் கை ராசி இருக்காது," என்றார். இரண்டு வருஷம் இதையே சொன்னார். கூட்டங்களில் சொன்னார், தே தாரிக் குடிக்கும்போது சொன்னார், துறை இயக்குநர் கமாலுதீனிடமும் சொன்னார். சிந்துஜா அதை நம்பினாள். அதுதான் கொடுமை. குழாய்களை மாற்றினாள், கையுறைகளை மாற்றினாள், சனி ஞாயிறு வந்து எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்தாள், வீட்டில் தண்ணீர்க் குவளையை எடுக்கும்போதுகூடத் தன் கையைத் தானே சந்தேகமாகப் பார்த்தாள்.

கூட்டம் ஒன்று கூடுவதாக இருந்தது, ஒரு வியாழக்கிழமை. யுகேந்திரனைப் பேராசிரியர் ஆக்குவதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள். அதே மேசையில், அதே காலையில், சிந்துஜாவின் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, 'பலன் இல்லை' என்று அனுப்பிவிடுவதா என்றும் முடிவு செய்வார்கள். அந்த வாரத் திங்கட்கிழமை அவள் அவர் அறைக் கதவைத் தட்டினாள்.

"டாக்டர், நம்ம புரதத்த வேற சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்தேன்."

"வேற சாஃப்ட்வேரா?" என்றார் யுகேந்திரன், மனைவியின் கைப்பேசியில் அந்நியர் எண்ணைப் பார்த்தவர் போல.

"இலவசமா கிடைக்கிறதுதான் டாக்டர். எல்லா லேப்லயும் அதத்தான் யூஸ் பண்றாங்க."

"எல்லா லேப்லயும் மயில் இல்லயே மா. நம்மகிட்ட இருக்குதே."

"அதுல சுருள் வலக்கையா வருது. நம்ம மயில்ல இடக்கையா வருது. நாலஞ்சு புரதம் போட்டுப் பார்த்துட்டேன். எல்லாமே அப்படித்தான்."

யுகேந்திரன் மேசைக்கு அடியில் வலது கையைக் கொண்டுபோய்க் கட்டைவிரலை நிமிர்த்தினார். திரையைப் பார்த்தார். கையை மாற்றினார். ஓட்டலும் பெரிய மனிதரும் அந்தக் கழித்தல் குறியும் வரிசையாக நினைவுக்கு வந்தன. விஷயம் புரிய அவருக்கு அதற்குமேல் நேரம் பிடிக்கவில்லை. நான்தான் சொன்னேனே, கெட்டிக்காரர்.

இந்த இடத்தில் ஒரு விஞ்ஞானி கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ உண்டு. எப்போதிலிருந்து? எந்தெந்தக் கட்டுரைகளில்? யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? அவர் கேட்டது ஒன்றுதான்.

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல டாக்டர். உங்ககிட்டதான் மொதல்ல."

"நல்லது. வியாழக்கிழமை முடியட்டும். அப்புறம் ஏழாம் பதிப்புல அமைதியா சரி பண்ணிடலாம்."

"இப்பவே மாத்திடலாமே டாக்டர். ஒரு குறிதானே."

"இப்ப மாத்தினா ஸ்கிரீன்ல ஒரு பக்கம், போஸ்டர்ல ஒரு பக்கம் தெரியும். கேப்பாங்க லா."

"டாக்டர், என்னோட கான்ட்ராக்டும் அன்னிக்குத்தான். மாலிக்யூல் ஒட்டாததுக்குக் காரணம் இதுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"எனக்குத் தெரியாதா? நான் பார்த்துக்கிறேன் மா," என்றார் யுகேந்திரன், முகத்தில் அவ்வளவு கனிவோடு. அவரைச் சும்மா சொல்லக் கூடாது. அந்த நிமிஷம் அவர் நிஜமாகவே பார்த்துக்கொள்வதாகத்தான் நினைத்தார். முதலில் தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறகு நேரம் இருந்தால் அவளை.

வீட்டில் மனைவி ஷர்மினியிடம் மறுநாள் சாயங்காலம் பட்டும் படாமலும் சொன்னார். ஷர்மினி பாயான் லெப்பாஸில் ஒரு கணினிச் சில்லுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. பொய்யை மோப்பம் பிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர்.

"எங்க ஃபேக்டரில ஒரு லாட் பக்கம் மாறிப் போச்சுன்னு தெரிஞ்சா லைன நிறுத்திட்டுத்தான் மத்த பேச்சு," என்றார் ஷர்மினி. "வெளிய போனதயும் திரும்பக் கூப்பிட்டுடுவோம்."

"அது உற்பத்தி. இது அறிவியல்."

"ஓ. அறிவியல்ல தப்பான சரக்கு வெளிய போவலாமா?"

யுகேந்திரன் எதிரே இருந்த பழத்தட்டைக் கொஞ்சம் சுழற்றி, மாம்பழத்தை முன்னால் கொண்டுவந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் ஷர்மினி.

"எந்தப் பொண்ணு?"

"ரெண்டு வருஷமா கை சரியில்ல, கை சரியில்லன்னு இங்க உக்காந்து சொல்லிக்கிட்டு இருந்தீங்களே, அந்தப் பொண்ணுக்கு."

அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்.

வியாழக்கிழமை வந்தது. கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். தலைமை கமாலுதீன். பக்கத்தில் நாலைந்து பேராசிரியர்கள். கோலாலம்பூரில் இருந்து வெளித் தேர்வாளராக வந்தவர் முனைவர் யோகலட்சுமி. படிகங்களுக்குள் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி மூலக்கூறுகளின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதிலேயே நரைத்துப்போனவர். விளக்கையும் கணினியையும் கவனிக்கச் சிந்துஜாவைப் பின்னால் உட்கார வைத்திருந்தார் யுகேந்திரன். அவளுடைய ஒப்பந்தத்துக்காக அல்ல, விளக்குகளுக்காக.

சடங்கு தொடங்கியது. விளக்கு அணைந்தது. சீலை இழுபட்டது. மயில் எழுந்து தோகை விரித்துச் சுற்றி வந்தது. புகைப்படம் மலர்ந்தது. கமாலுதீன் கொட்டாவியைக் கையால் மறைத்தார். பிறகு வீணை ஒலிக்க டெங்கிப் புரதம் திரையில் வந்து நின்றது, சிவப்பு நாடாவோடு, நிழலோடு, பளபளப்போடு. "இந்தப் பக்கம் பாருங்கள்," என்றார் யுகேந்திரன். பார்த்தார்கள். அரையிருட்டில் எல்லார் முகத்திலும் சிவப்பும் நீலமும் மாறி மாறி அடிப்பதைப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அவ்வளவு அழகை மறுக்க யாருக்கு மனசு வரும் என்று நினைத்தார்.

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார். யோகலட்சுமி மடியிலிருந்து வலது கையைத் தூக்கினார். கட்டைவிரலை நிமிர்த்தினார். திரையைப் பார்த்து விரல்களை மெல்ல மடக்கினார். தலையை ஒருபக்கம் சாய்த்து மறுபடி பார்த்தார். வலது கையை இறக்கிவிட்டு இடது கையைத் தூக்கினார்.

"முனைவர் யுகேந்திரன், இந்தச் சுருள் எந்தக் கை?"

"நல்ல கேள்வி," என்றார் யுகேந்திரன். பதில் இல்லாதபோது இந்த இனம் எழுப்பும் முதல் ஒலி இது. "அது பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது."

"திருகாணியை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அதன் முறுக்கு மாறாதே."

"ஆமாம், ஆமாம். இது ஆறாம் பதிப்பில் ஒரு புது வசதி. கண்ணாடிக் காட்சி."

"அப்படியா? அதை அணைத்துக் காட்டுங்கள்."

யுகேந்திரன் சுட்டியை எடுத்துக்கொண்டு பட்டியல் பட்டியலாகத் திறந்தார். நிறங்கள் வந்தன. நிழல்கள் வந்தன. வீணையைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான்கள் வந்தன. இல்லாத பொத்தானை அவர் தேடிக்கொண்டே இருந்தார், புரதம் பாட்டுக்குச் சுழன்றுகொண்டே இருந்தது. யாரோ இருமினார்கள். அடுத்த வாக்கியத்தை அவர் திட்டமிட்டுச் சொல்லவில்லை. இரண்டு வருஷப் பழக்கத்தில் அது நாக்கு நுனியிலேயே தயாராக இருந்தது.

"இந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் ஆய்வு அதிகாரி சிந்துஜா. அவருடைய வேலையில் ஏற்கெனவே சில குறைகள் இருப்பது இயக்குநருக்கும் தெரியும்."

பட்டென்று விளக்குகள் எரிந்தன. சிந்துஜா சுவர் ஓரமாக நின்றிருந்தாள், விரல் இன்னும் பொத்தான்மேல். முகம் வெளுத்திருந்தது.

எனக்கு இங்கே சிரிப்பு வரவில்லை. தப்பு செய்தவரைப் பார்த்துச் சிரிக்கலாம். தன் தப்பைப் பக்கத்து ஆளின் மடியில் இறக்கி வைக்கிறவரைப் பார்த்துப் பல்லைத்தான் கடிக்க முடிகிறது.

யோகலட்சுமி மட்டும் நிதானமாக இருந்தார். "இந்த மென்பொருளை மூடிவிட்டு இன்னொரு தடவை திறக்க முடியுமா?" என்று சிந்துஜாவைக் கேட்டார்.

சிந்துஜா மூடினாள். திறந்தாள். பளிச்சென்ற வெளிச்சத்தில், வெளிறிப்போன மயில் ஒன்று எழுந்து, அதே நிதானத்தோடு தோகையை விரிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு இறகாக. யுகேந்திரனுக்குத் தன் வாழ்நாளில் முதன்முறையாக அந்த முகப்பு நீளம் என்று பட்டது.

"இதைத் தாண்டிப் போக முடியாதா?" என்றார் கமாலுதீன். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"முடியாது," என்றாள் சிந்துஜா. "டாக்டர் அதற்கு வசதி வைக்கவில்லை."

மயில் சுற்றி வந்தது. புகைப்படம் மலர்ந்தது, தலைமுடியோடு. பொன்னெழுத்து வந்தது. யோகலட்சுமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

"எண்ணம், எழுத்து, நிறம், பிழைதிருத்தம். நான்கும் நீங்கள். 'மட்டுமே' என்று வேறு போட்டிருக்கிறீர்கள்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் யுகேந்திரனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கமாலுதீன் சிந்துஜாவின் பக்கம் திரும்பி, அவள் செய்து வாங்கிய மூலக்கூறு எந்தக் கை என்று கேட்டார். படத்தில் இருந்த கை என்றாள் அவள். மற்றக் கையில் செய்து பார்த்ததுண்டா? இல்லை, படம் சரியாகத்தான் இருக்கும், என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றாள். அவளுடைய ஒப்பந்தம் அந்த மேசையிலேயே நீடித்தது. 'இணை'யும் அந்த மேசையிலேயே நீடித்தது.

நடைபாதையில் யோகலட்சுமி யுகேந்திரனை நிறுத்தினார். இப்போது தமிழில், அவர் வீட்டுத் தமிழில் பேசினார். "தம்பி, பிழை விடாத ஆள் எண்டு ஒருத்தரும் இல்ல. நானும் விட்டிருக்கிறன், அதைவிடப் பெரிசா. ஆனா அந்தப் பிள்ளையிட தலையில கட்டினீரே, அதுதான் எனக்குப் பொறுக்கேல்ல."

"அடுத்த பதிப்புல எல்லாம் சரியாயிடும் மேடம்," என்றார் யுகேந்திரன்.

அவர்கள் நின்றது துறை வாசலில் மாட்டியிருந்த அந்த ஆள் உயரப் படத்துக்குக் கீழே. யோகலட்சுமி அதை நிமிர்ந்து பார்த்தார், இடது கை விரல்களை ஒருமுறை மடக்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

வலக்கைக்குச் சரியான மூலக்கூறு செய்து வந்தபோது அது குழிக்குள் போய் ஒட்டிக்கொண்டது. டெங்கி ஒழிந்துவிடவில்லை, மருந்தாவதற்கு இன்னும் எத்தனையோ படிகள் உண்டு. ஆனால் ஒட்டியது. சிந்துஜா அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொன்னார்கள். அடுத்த வருஷம் கோலாலம்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டாள்.

யுகேந்திரனுக்கு என்ன ஆயிற்று? திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். ஏழாம் பதிப்பு வந்திருக்கிறது. சுருள்கள் வலக்கை முறுக்காகப் போகின்றன. 'மேம்படுத்தப்பட்ட முப்பரிமாண அனுபவம்' என்று அதற்குப் பெயர் வைத்து, ஜுருவில் ஒரு கார்க் கண்காட்சிக்குப் பக்கத்து மண்டபத்தில் விழா எடுத்து வெளியிட்டார். முகப்பில் மயில் இன்னும் சுற்றுகிறது. ஆனால் தோகை சுருங்கிவிட்டது, பெயர்கள் பெருகிவிட்டன. 'எண்ணம், எழுத்து, நிறம்' என்ற மூன்றும் அவருடையவை. 'பிழைதிருத்தம்' என்பதற்கு நேராக, மாணவர்கள், பழைய மாணவர்கள், ஒருமுறை மேசை தூக்க உதவியவர் உட்பட ஒரு பெரும்படையே நிற்கிறது. முதல் பெயர் சிந்துஜா. தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி அவள் இரண்டு தடவை எழுதினாளாம். "இருக்கட்டுமே மா, இடம் நெறைய இருக்கு," என்று பதில் போட்டாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் மயில் இல்லை, புரதம் இல்லை, வீணை இல்லை. நீங்கள் அலுவலகத்தில் பத்துப் பேர் முன்னால் வண்ண வரைபடம் காட்டுவீர்கள், அல்லது தங்கை கல்யாணத்தை நீங்களே தனியாக நின்று நடத்தியதாக ஊருக்குச் சொல்வீர்கள், அல்லது சும்மா ஒரு தட்டு நாசி கண்டாரைத் திருப்பி வைத்துப் படம் எடுப்பீர்கள். அதெல்லாம் போகட்டும். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். கடைசியாக உங்கள் வேலையில் ஒரு தப்பு இருக்கிறது என்று ஒருவர் உங்கள் அறைக்குள் வந்து மெல்லச் சொன்னபோது, உங்கள் வாயில் முதலில் வந்தது எது? 'எங்கே, காட்டு' என்பதா? 'யார்கிட்டயாவது சொன்னியா?' என்பதா?

அந்தக் கையை மேசைக்கு அடியில் ஒளிக்க வேண்டாம். பார்த்துவிட்டேன்.